ஈட்டுக்கு ஈடு: மருந்தின் ஒருபடித்தன்மை குறித்துச் சில குறிப்புகள்

1

திருப்புட்குழி என்ற பெயரே ஓர் எரியூட்டலிலிருந்து வருகிறது. இராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த சடாயு என்கிற புள்ளுக்கு இராமன் ஈமக்கடன் செய்த குழி இது என்பது தலபுராணம். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டி, விஜயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் இருக்கின்றன. இங்கிருந்து வடகிழக்காக, அரை நாள் நடைத் தூரத்தில் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரை அங்கே அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு பெருமை பேசுகிறது. பதினோரு நூற்றாண்டுகளுக்குமேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே புள்ளலூர்ப் பக்கம் கும்பினிப் படையின் கர்னல் வில்லியம் பெய்லி ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் தோற்றுச் சரணடைந்தார்.

தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்கள் பழக்கமானவை. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்கு வந்து சேரவில்லை. மைசூர்க் குதிரைப்படையும் ராக்கெட்டுகளும் சுற்றி வளைத்தன. ஆனால் பெய்லியின் வரிசைகளைக் குலைத்தது அவருடைய மருந்து வண்டிகள் வெடித்ததுதான். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியோடு அந்த வெடிப்பும் தீட்டப்பட்டிருக்கிறது. பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்துப்போனார்.

நம் வரலாற்றெழுத்தில் வெடிமருந்து இப்படித்தான் வருகிறது, வெடிக்கும்போது மட்டும். வெடிப்பதற்கு முன் அது என்னவாக இருந்தது, யார் கலந்தார்கள், இன்றைக்குக் கலந்ததும் நேற்றைக்குக் கலந்ததும் ஒன்றுதானா என்று யாரும் கேட்பதில்லை. தளபதிகளின் கதையாடலுக்கு அது தேவையில்லாத கேள்வி. ஆனால் துப்பாக்கியைக் கெட்டிக்கிற கைக்கு அது உயிர்க்கேள்வி. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், 90களிலிருந்து சிறுபத்திரிகைகளில் நாம் புழங்கிவரும் ‘ஒருபடித்தன்மை x வித்தியாசம்’ என்கிற எதிர்வையே திரும்பப் பரிசீலிக்க வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

தொழிற்சாலைக்காரர்கள் ‘லாட்’ என்று சொல்வதற்கு நம் சமையலறையில் ஒரு சொல் இருக்கிறது: ஈடு. ‘ஒரு ஈடு இட்லி எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு வெந்துகிட்டிருக்கு’ என்கிறோம். அதே சொல்லுக்குச் சமம், நிகர் என்ற பொருளும் உண்டு. ஈடு இணை என்கிறோம், நஷ்ட ஈடு என்கிறோம். ஒரே தடவையில் வெந்தது என்பதற்கும் ஒன்றுக்கொன்று சமமானது என்பதற்கும் ஒரே சொல். ஆனால் முதல் ஈடும் கடைசி ஈடும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இட்லி சுட்ட எல்லோருக்கும் தெரியும். மாவு அதற்குள் இன்னும் கொஞ்சம் புளித்திருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும். காஞ்சிபுரத்துச் சாயக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஒரு சேலையின் பாவுக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் முக்கி எடுக்காமல், குறைந்ததற்கு மறுநாள் தனியாகக் காய்ச்சினால் துணியில் கோடு தெரிந்துவிடும்.

இட்லியில் இது ருசி விஷயம், சேலையில் காசு விஷயம். துப்பாக்கி மருந்தில் இதே வேறுபாடு முகத்துக்கு எதிரே வெடிக்கும். புகையில்லா மருந்துக்கு மூலம் பஞ்சு அல்லது மரக்கூழின் நாரை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ். நாரில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியது, மணியின் கனம் என்ன, மேற்பூச்சு எப்படிப் பிடித்தது, கரைப்பானும் ஈரமும் எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பொறுத்து அது எரியும் வேகம் மாறும். குழலுக்குள் அழுத்தம் கூடக்கூட மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் கூடும். எனவே எரிவேகத்தில் ஏற்படும் சிறு மாற்றம் அழுத்தத்தில் பெரிய மாற்றமாக வந்து நிற்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிற மணிகள்தான். பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது.

எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது? கரிமருந்துக் காலத்தில் காகிதத்தின்மேல் ஒரு சிட்டிகை கொளுத்தி, என்ன கறை மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். சிறு பீரங்கியில் வைத்துச் சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று அளப்பார்கள். 1742இல் இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணிதக்காரர் ஊசலாடும் கட்டை ஒன்றில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையைப் புத்தகமாக எழுதினார். ஒரு மருந்தையும் இன்னொரு மருந்தையும் எண்ணால் ஒப்பிட முதன்முறையாக ஒரு நம்பகமான வழி கிடைத்தது. ஜெர்மன் மொழியில் அந்நூலைப் பெயர்த்து விரித்து எழுதியவர் ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதை. அந்த ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட இங்கே அனுப்பப்பட்டு, 1751இல் கூடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். மருந்தை அளக்கக் கற்றுக்கொடுத்தவரின் உடல் நம் கடற்கரை மண்ணில் முடிந்துபோனது தற்செயலாக இருக்கலாம். அளவையும் கோட்டையும் ஒரே ஆளின் கையில் இருந்தது தற்செயல் அல்ல. சிப்பாயின் உடலையும் துப்பாக்கியையும் ஒரே கருவியாகப் பூட்டுகிற கவாத்தைப் பற்றி ஃபூக்கோ விரிவாக எழுதினார். ஆனால் கவாத்து பலிக்க வேண்டுமானால் ஆயிரம் தோட்டாவும் ஒரே மாதிரி எரிய வேண்டும். உடலுக்கு முன்பே மருந்து ஒழுங்குக்குள் வந்தாக வேண்டும்.

3

புகையில்லா மருந்து வந்தபோது நடந்த ஒரு குழப்பம் குறியியல் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது. பால் வியெய் பிரான்சில் 1884இல் முதல் புகையில்லா மருந்தைச் செய்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபலின் பாலிஸ்டைட். 1889இல் பிரிட்டனில் ஏபெலும் டூவாரும் செய்த கார்டைட். கார்டைட் தன்னுடைய காப்புரிமையை மீறியது என்று நோபலின் கும்பினி வழக்குத் தொடர்ந்து, 1895இல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. வழக்கு ஒரு சொல்லில் தொங்கியது. நோபல் தன் காப்புரிமையில் ‘கரையும் வகை’ நைட்ரோசெல்லுலோஸ் என்று எழுதியிருந்தார். கார்டைட்டில் இருந்தது கரையாத வகை. பிரதியில் விழுந்த ஓர் அடைமொழி பேரரசின் மருந்தை யாருடையது என்று தீர்மானித்தது.

அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் பலரும் சுட்ட காலித் தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். கரிமருந்தைக் கிண்ணத்தால் அளந்து போடுவது வழக்கம். அளவுக்குப் பெயர் டிராம். புது மருந்துகளில் சில, கரிமருந்தின் கொள்ளளவுக்கே போடும்படி செய்யப்பட்டவை. வேறு சில அடர்த்தியானவை. அதே கிண்ணத்தால் அளந்தால் பல மடங்கு வலு. ‘எப்பவும் போடுற அதே அளவுதானே’ என்று போட்டவர்களின் துப்பாக்கி வெடித்தது. உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது, அளவின் பெயர் மாறவில்லை. இன்றும் அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் ‘டிராமுக்கு நிகர்’ என்று அச்சிடுகிறார்கள். உள்ளே அந்த எடைக்கு மருந்து கிடையாது. இல்லாத கரிமருந்தின் நிழல் அது.

இதனால்தான் தோட்டா நிரப்புகிறவர்களிடம் ஒரு நடைமுறை நிலைபெற்றது. டப்பாவின்மேல் அதே பெயர், அதே எண் இருந்தாலும் புது ஈடு என்றால் பழைய அளவை நம்பக்கூடாது. கீழிருந்து மறுபடி ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து மேலே வர வேண்டும். சில்லறையில் விற்கும் மருந்தைப் பல ஈடுகளைக் கலந்து குறுகிய வரம்புக்குள் கொண்டுவந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். தோட்டாத் தொழிற்சாலைக்குப் போகும் மொத்த மருந்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. தொழிற்சாலையிடம் அழுத்தமானி இருக்கிறது. ஒவ்வொரு ஈட்டையும் சுட்டுப் பார்த்து, அந்த ஈட்டுக்கு இவ்வளவு எடை என்று தானே தீர்மானித்துக்கொள்ளும். ஆக, ஒருபடித்தன்மை என்பது மருந்தின் இயல்பு அல்ல. கருவி உள்ளவன் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறான். கருவி இல்லாதவனுக்கு வித்தியாசத்தை முன்கூட்டியே கலந்து கரைத்துத் தர வேண்டியிருக்கிறது. அதையும் தராவிட்டால் அவன் உடம்பே அழுத்தமானி.

4

தமிழகத்தில் இந்தக் கலத்தல் நடந்த இடம் அருவங்காடு. குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் நடுவில், படகர் ஊர்களுக்கு மத்தியில், 1904இல் கார்டைட் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. மலை ரயில் 1899இலேயே குன்னூரைத் தொட்டிருந்தது. தேயிலையும் கோடைவாசமுமாக நாம் வாசித்துப் பழகிய நீலகிரியின் பிரதிக்குள் எழுதப்படாத பக்கம் இது.

கார்டைட் என்ற பெயருக்குக் காரணம் அதன் வடிவம், கயிறு. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் அசிட்டோனில் பிசைந்து, கொஞ்சம் வாசலின் சேர்த்து, இடியாப்ப உழக்கில் பிழிவதுபோலத் துளைவழியே பிழிந்து, நூலாக்கி உலர்த்துவார்கள். முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். துப்பாக்கிக் குழலை அரித்துத் தின்கிறது என்று 1901இல் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். பெயர் அப்போதும் கார்டைட்தான்.

ஒருபடித்தன்மையை எப்படி உண்டாக்கினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். .303 ரைபிள் தோட்டாவுக்குள் அறுபது இழை கார்டைட் இருக்கும். அந்த அறுபதையும் ஒரே பிழிதலிலிருந்து எடுக்க மாட்டார்கள். பத்து உருளைகளிலிருந்து ஒவ்வோர் இழையாக இழுத்துச் சேர்த்துப் பத்துப் புரி. அப்படிப்பட்ட பத்துப் புரி உருளைகள் ஆறைச் சேர்த்து அறுபது புரி. பிறகுதான் வெட்டித் தோட்டாவுக்குள் செருகுவது. பட்டு நூலைப் புரி சேர்த்து முறுக்கும் காஞ்சிபுரத்தாருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். ஒரு பிழிதல் கொஞ்சம் வேகமாக எரியும், இன்னொன்று கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் ஒவ்வொரு தோட்டாவிலும் ஓரோர் இழையாகச் சிதறடித்துவிட்டால் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு தெரியாது.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒருபடித்தாக்கல் என்றால் வித்தியாசங்களை அழிப்பது, மையத்தின் அச்சில் எல்லாவற்றையும் வார்ப்பது என்று நாம் எழுதிவந்திருக்கிறோம். மொழி விஷயத்திலும் வழிபாட்டு விஷயத்திலும் அது சரிதான். ஆனால் பேரரசின் மருந்துச் சாலையில் நடந்தது வேறு. அங்கே எந்த வித்தியாசமும் அழிக்கப்படவில்லை. வேகமாக எரியும் இழை வேகமாகத்தான் எரிகிறது. வித்தியாசம் பங்கிடப்பட்டது, யார் தலையிலும் மொத்தமாக விழாதபடி. அதிகாரம் வித்தியாசத்தைக் கண்டு பயப்படுவதில்லை. அதைப் பங்கிடும் வசதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

அந்தப் புரிகளைச் சேர்த்த கைகள் தொழிலாளரின் கைகள். 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கும்பினிகளாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு ‘முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்’டின் கீழ் போனது. எதிர்த்த தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அதே ஆண்டு தனிச் சட்டம் ஒன்றும் நிறைவேற்றப்பட்டது. மருந்தின் சீர்மைக்குத் தொழிலாளியின் அனுபவம் வேண்டும், அவன் குரல் வேண்டாம்.

5

பங்கிடும் வசதி இருந்தும் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் ஓர் உதாரணம். எம்-16 ரைபிளின் தோட்டா முதலில் டூபான் கும்பினியின் குச்சிமணி மருந்தை வைத்து உருவாக்கப்பட்டது. பெரிய அளவில் செய்யத் தொடங்கியதும், ராணுவம் கேட்ட வேகத்தையும் அழுத்த வரம்பையும் ஈட்டுக்கு ஈடு ஒருசேரக் காப்பாற்ற அந்த மருந்தால் முடியவில்லை. 1964இல் ராணுவம் ஓலின் கும்பினியின் உருண்டைமணி மருந்துக்கு மாறியது. தாளில் வேகம் பொருந்தியது. துப்பாக்கிக்குள் பொருந்தவில்லை. சுடும் கதி கூடியது, கசடு படிந்தது, ரைபிள்கள் நடுச்சண்டையில் சிக்கிக்கொண்டன. துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம் என்ற நம்பிக்கையில் துடைப்புச் சாமான்கள்கூடப் போதுமான அளவு தரப்படவில்லை. பிரித்துப்போட்ட ரைபிளுக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய கடிதங்கள் ஊருக்குப் போன பிறகுதான் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. ரிச்சர்ட் இக்கார்டு தலைமையிலான அந்தக் குழு 1967 அக்டோபரில் தந்த அறிக்கை, மருந்து மாற்றத்தைக் கோளாறுகளுக்கு முக்கியக் காரணமாகச் சுட்டியது.

வியட்நாமிய மக்களைக் கொன்ற துப்பாக்கி சிக்கிக்கொண்டதற்காக நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆக்கிரமிப்புப் படைக்குள்ளும், அளவுகோலைக் கையில் வைத்திருந்த அலுவலகத்துக்கும் அந்த அளவைச் சுமந்த உடலுக்கும் நடுவே ஒரு வர்க்கப் பிரிவு இருந்தது. கோப்பில் சமம் என்று எழுதப்பட்டது, வயலில் சமமாக இல்லை. கோப்பை எழுதியவர் சாகவில்லை.

6

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்பலாம். 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசுத் தொழிற்கூடம் ஒன்று வெடித்து எட்டுப் பேருக்கும் மேல் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர். குறிப்பிட்ட விபத்துக்குக் காரணம் எதுவோ, அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். தொழிலின் பொதுநிலை நமக்குத் தெரியும். மருந்து கலப்பதும் செலுத்துவதும்தான் மிக ஆபத்தான வேலைகள். ‘மருந்து’ என்றுதான் தொழிலாளர்களும் சொல்கிறார்கள், உடம்புக்குச் சாப்பிடுவதைச் சொல்கிற அதே சொல். கூலி எண்ணிக்கைக்கு என்பதால் கை நிதானிக்க முடியாது. வெயில் ஏறினால், ரசாயனத்தின் தூய்மை மாறினால், நேற்றுக் கலந்தது மிச்சம் கிடந்தால், ஈட்டுக்கு ஈடு குணம் மாறும். அருவங்காட்டில் ஓர் இழையாகச் சிதறடிக்கப்பட்ட அந்த வித்தியாசம் இங்கே மொத்தமாக ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர்கிறது.

இங்குதான் எனக்குள்ள சங்கடத்தைச் சொல்ல வேண்டும். வித்தியாசத்தைக் கொண்டாடுவோம், அளவுகோல்களைக் கட்டுடைப்போம் என்று எழுதிய தலைமுறையில் நானும் ஒருவன். பெருங்கதையாடலின் ஒற்றைத்தன்மைக்கு எதிராக அந்தச் சொற்கள் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன. ஆனால் குருவிமலைத் தொழிலாளியிடம் போய் வித்தியாசத்தைக் கொண்டாடு என்று சொல்ல முடியுமா? ‘யோவ், எனக்கு எல்லா ஈடும் ஒரே மாதிரி வந்தாப் போதும்யா’ என்றுதான் அவர் சொல்வார். சீர்மை அங்கே அடக்குமுறை அல்ல, மறுக்கப்பட்ட உரிமை. வித்தியாசம் என்பது தன்னளவிலேயே விடுதலையும் அல்ல. அது யார் தலையில் இறக்கப்படுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அளவுகோலே வேண்டாம் என்பதற்குப் பதிலாக, அளவுகோல் யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். உத்திரமேரூர்ச் சபையில் ஏரிக்கும் தோட்டத்துக்கும் இருந்ததுபோலப் பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்ததை 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மாற்றுப் பார்ப்பது ஊர்ப் பொதுக்காரியமாக, குடவோலையில் வந்தவர்களின் பொறுப்பாக இருந்தது. இதைச் சொன்னதும் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று மேடையில் முழங்கும் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அது பிராமணச் சபை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் ஓலையில் ஏறாது. பெண்கள் கணக்கிலேயே இல்லை. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் ஊரிடம் இருந்தது, ஆனால் ஊர் என்று எண்ணப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். தரம் பார்ப்பது நிபுணரின் ரகசியமாகவோ முதலாளியின் தயவாகவோ இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை.

ராணுவ மருந்தில் ஈட்டுக்கு ஈடு ஒரு மாதிரி எடுத்துவைத்து, ஆண்டுகள் கழித்தும் கெட்டுப்போகிறதா என்று சோதிப்பார்கள். மருந்து வெடித்தால் அந்த மாதிரியும் அதன் எண்ணும் சாட்சி. பட்டாசுக் கூடத்தில் கலக்கிறவரிடம் அப்படி ஒரு மாதிரி இருந்து, அதைச் சோதித்துப் பார்த்து ‘இந்த ஈடு சரியில்லை, தொட மாட்டோம்’ என்று கூலி இழக்காமல் சொல்லும் உரிமையும் இருக்குமானால், அங்கே ஒருபடித்தன்மைக்கு வேறு அர்த்தம் வரும். இப்போது வெடித்த பிறகு நஷ்ட ஈடு மட்டும் வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று, எல்லோருக்கும் ஒரே அளவாக.